கண்டடைந்த வழி

சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரில் ஆர்க்கிமிடீஸின் கல்லறை என்று ஒரு பாறைக் குடைவைக் காட்டுகிறார்கள். வெளிறிய சுண்ணாம்புப் பாறை. வாசலுக்கு மேலே கோயில் முகப்பு மாதிரி ஒரு முக்கோணச் செதுக்கல். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தோம். அது ரோமானியர் காலத்தில் சாம்பல் கலசங்கள் வைக்கக் குடைந்த இடம், ஆர்க்கிமிடீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு முன்பே தெரியும். இருந்தும் கால் நகரவில்லை. அப்போது இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த மகள், "இது அவரோடது இல்லன்னா, அவரோடது எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள். அதற்குப் பதில் தெரிந்திருந்த கடைசி மனிதர் இறந்தே இரண்டாயிரம் ஆண்டுகள் தாண்டிவிட்டன.

அவர் சிசரோ. கி.மு. 75-இல் ரோம் அவரைச் சிசிலிக்கு நிதி அதிகாரியாக அனுப்பியிருந்தது. ஆர்க்கிமிடீஸ் இறந்து அப்போது 137 ஆண்டுகள். கல்லறை எங்கே என்று ஊராரைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தார்கள். ஆனால் கல்லறைத் தூணின் உச்சியில் ஒரு கோளமும் ஓர் உருளையும் இருக்கும் என்று எப்போதோ கேள்விப்பட்ட சில வரிகள் சிசரோவின் நினைவில் இருந்தன. நகர வாயில் ஒன்றுக்கு அருகே கல்லறைகள் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில் தேடினார். முட்புதருக்கு மேலே கொஞ்சம் தலைநீட்டிக்கொண்டிருந்த சிறிய தூண் ஒன்று கண்ணில் பட்டது. அதில் கோளம், உருளை. ஆட்களை அரிவாளோடு இறக்கிப் புதரை வெட்டி வழி செய்தார். பீடத்தில் பொறித்திருந்த செய்யுளில் பாதி தேய்ந்துபோயிருந்தது. தன் ஊரின் மிகக் கூர்மையான மூளைக்குச் சொந்தக்காரரின் கல்லறையை அந்த ஊரே மறந்துவிட்டதே என்று சிசரோ எழுதிவைத்தார்.

கோளமும் உருளையும். அந்த இரண்டையும் நான் முதலில் தொட்டது எங்கள் கணக்கு வாத்தியாரின் மேசையில். கடைசல் பட்டறையில் சொல்லி ஒரு மரப்பந்து கடைந்து வாங்கிவந்திருந்தார். மூன்று அங்குல விட்டம். அது மயிரிழை இடைவெளியோடு உள்ளே இறங்கும்படி, அதே மூன்று அங்குல உயரத்தில் ஒரு தகர டின். டின்னை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, பந்தை மேலே வைத்து என்னைக் கூப்பிட்டார். "அமுக்குடா. மெதுவா." பந்து இறங்க இறங்க ஓரத்தில் தண்ணீர் வழிந்து தட்டில் விழுந்தது. பந்தின் தலை விளிம்போடு சமமானதும் நிறுத்தச் சொன்னார். வெளியே எடுத்து, டின்னுக்குள் அடிக்குச்சியை விட்டுப் பார்த்தோம். மிச்சத் தண்ணீர் ஒரு அங்குலம், ஒரு நூல் கூடுதல். மூன்றில் இரண்டு பங்கு வெளியேறிவிட்டது. பந்து அடைத்துக்கொண்ட இடம் அவ்வளவு.

"வெளியே பூசுற பெயின்ட்டும் அதே கணக்குதான்" என்றார் வாத்தியார். மூடியும் அடியும் சேர்த்து டின்னின் முழுப் பரப்புக்கு ஆகும் பெயின்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பந்து முழுவதற்கும் பூசிவிடலாம். கன அளவிலும் அதே விகிதம், புறப்பரப்பிலும் அதே விகிதம். உலகம் முழுக்க எத்தனையோ தச்சர்களும் குயவர்களும் உருண்டையையும் உருளையையும் காலங்காலமாகச் செய்துகொண்டிருந்தார்கள். இந்த உறவு அந்த வடிவங்களுக்குள் எப்போதுமே இருந்தது. தனக்கு முன் வந்த வடிவியல் அறிஞர் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்று ஆர்க்கிமிடீஸே தன் நூலின் முகப்பில் எழுதினார். இறந்தபின் தன் கல்லறைமேல் இதைத்தான் வைக்க வேண்டும் என்று உறவினர்களிடமும் நண்பர்களிடமும் கேட்டுக்கொண்டார் என்று பழங்கால வரலாற்றாசிரியர் புளூடார்க் சொல்கிறார். போர்ப் பொறிகளைக் கேட்கவில்லை, நீர் இறைக்கும் திருகைக் கேட்கவில்லை, கிரீடத்தைக் கேட்கவில்லை.

அந்தப் பந்தை அமுக்கியபோது உள்ளங்கையில் உணர்ந்த எதிர்ப்பு எனக்கு மறக்கவில்லை. பந்து மேலே வரத் துடித்தது. ஆழ அமுக்க அமுக்கத் துடிப்பு கூடியது. கிணற்றில் தண்ணீர் சேந்திய எவருக்கும் இதன் மறுபக்கம் தெரியும். வாளி நீருக்குள் இருக்கும்வரை கயிறு லேசாக வரும். நீர்மட்டத்தைவிட்டு மேலே எழும்பியதும் தோள் இறங்கும். நீரில் அமிழ்ந்த பொருள் தான் விலக்கிய நீரின் எடை அளவுக்குத் தன் எடையை இழக்கிறது. நம் பாடப் புத்தகங்களில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் என்ற பெயரில் தலைமுறைகள் மனப்பாடம் செய்த வாக்கியம்.

அந்தப் பாடத்தோடு சேர்ந்தே வரும் கதை கிரீடத்தினுடையது. சிரக்கூஸ் மன்னர் ஹியரோ கொடுத்த தங்கத்தில் பொற்கொல்லர் வெள்ளியைக் கலந்துவிட்டாரோ என்று சந்தேகம்; ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் இறங்க, நீர் வழிய, 'யுரேக்கா' என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினார் என்பது கதை. எழுதிவைத்தவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து. ஆர்க்கிமிடீஸின் எந்த நூலிலும் இது இல்லை. வகுப்பில் இந்தக் கதை வரும்போதெல்லாம் மாணவர்களோடு கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஒரு கிலோ சுத்தத் தங்கம் விலக்கும் நீர் சுமார் 52 மில்லி லிட்டர். அதில் 300 கிராமை வெள்ளியாக மாற்றினால் சுமார் 65. வித்தியாசம் 13 மில்லி லிட்டர். இருபது சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தில் அது நீர்மட்டத்தை அரை மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. கண்ணால் பிடிக்க முடியாத உயரம். அதே கிரீடத்தைத் தராசின் ஒரு பக்கமும் சம எடைத் தங்கத்தை மறுபக்கமும் கட்டி இரண்டையும் நீருக்குள் இறக்கினால், கிரீடத்தின் பக்கம் 13 கிராம் லேசாகி முள் பளிச்சென்று சாயும். 1586-இல் இருபத்திரண்டு வயது கலிலியோ எழுதிய சிறு குறிப்பின் சாரம் இதுதான்: ஆர்க்கிமிடீஸ் போன்றவர் தராசைத்தான் எடுத்திருப்பார்.

அவர் உண்மையில் எழுதிய 'மிதக்கும் பொருள்கள்' நூலில் கிரீடமும் இல்லை, தொட்டியும் இல்லை. அசையாமல் நிற்கும் நீரின் பரப்பு தட்டையானதன்று, பூமியின் மையத்தையே மையமாகக் கொண்ட கோளத்தின் ஒரு பகுதி என்று அதன் தொடக்கப் பக்கங்களிலேயே நிறுவுகிறார். இரண்டாம் பகுதியில், பரவளையத்தைச் சுழற்றிப் பெற்ற ஒரு வடிவத்தை நீரில் சாய்த்துவிட்டால் அது எப்போது நிமிரும், எப்போது சாய்ந்தபடியே மிதக்கும் என்று ஆராய்கிறார். கப்பலின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் அந்நியமாக இருக்காது.

கப்பல் என்றால் சிரக்கூஸின் துறைமுகம் நினைவுக்கு வருகிறது. நகரின் மிகப் பழைய பகுதி ஒர்த்தீஜியா என்ற சிறு தீவு. அங்கே கடலை ஒட்டியே அரெத்தூசா என்ற நன்னீர் ஊற்று இருக்கிறது. அதில் பாப்பிரஸ் கோரை வளர்கிறது. சற்றுத் தள்ளி நகரின் தலைமைத் தேவாலயம். அதன் சுவருக்குள் தடித்த கல்தூண்கள் பாதி புதைந்து தெரியும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அத்தீனா தேவிக்கு எழுப்பிய கோயிலின் தூண்கள் அவை. கோயிலை இடிக்காமல் தூண்களுக்கு இடையே சுவரெழுப்பித் தேவாலயமாக்கியிருக்கிறார்கள். கி.மு. 287 வாக்கில் பிறந்து இதே தெருக்களில் நடந்தவரின் கண்ணில் பட்ட கல் என் உள்ளங்கைக்குக் கீழே குளிர்ந்திருந்தது. அந்தப் பாறைக் குடைவில் கிடைக்காதது இங்கே கிடைத்தது என்று மகளிடம் சொன்னேன்.

இந்தத் துறைமுகத்திலிருந்துதான் ஹியரோவின் ராட்சதக் கப்பல் 'சிரக்கூசியா' புறப்பட்டது. கட்டியவர் கொரிந்து நகரத்து ஆர்க்கியாஸ். நீரில் இறக்க வழி சொன்னவர் ஆர்க்கிமிடீஸ். அதன் அடித்தளத்தில் சேரும் நீரை ஒரே ஆள் திருகு பொறி கொண்டு வெளியேற்றினான் என்று பழைய குறிப்பு சொல்கிறது. சாய்த்து வைத்த குழாய்க்குள் ஒரு திருகு. அதைச் சுற்றினால் ஒவ்வொரு புரியிலும் சிக்கிய நீர் படிப்படியாக மேலேறும். அவர் எகிப்துக்குப் போயிருந்தபோது இதைக் கண்டுபிடித்தார் என்று வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். நைல் கழிமுகத்து வயல்களிலும் ஸ்பெயினின் சுரங்கங்களிலும் அது நீர் இறைத்தது. இன்றைக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் அதே திருகு சுழல்கிறது. அந்தக் கப்பலோ மிகப் பெரியது. நுழைய இடமுள்ள துறைமுகங்கள் அரிதாக இருந்ததால், தானியப் பஞ்சத்தில் இருந்த எகிப்தின் தாலமி மன்னருக்கே ஹியரோ அதைப் பரிசாக அனுப்பிவிட்டார்.

அலெக்சாந்திரியாவுக்கு. ஆர்க்கிமிடீஸின் மனமும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய பெரும் நூல்களில் பல கடிதங்களாகத் தொடங்குகின்றன. சிரக்கூஸில் தன் கணக்கைப் புரிந்துகொண்டு பேச ஆளில்லாத ஒருவர், கடலுக்கு அப்பால் இருந்த நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள். முதல் நண்பர் கோனோன், சாமோஸ் தீவுக்காரர், வானியலாளர். வானத்தில் 'பெரெனிகேயின் கூந்தல்' என்ற விண்மீன் கூட்டத்துக்குப் பெயரிட்டவர். கோனோன் இறந்த செய்தி வந்தபின், முன்பின் பழக்கமில்லாத டோசிதியஸ் என்பவருக்கு எழுதத் தொடங்குகிறார். பரவளையப் பரப்பைப் பற்றிய நூல் அந்த இழவுச் செய்தியோடு ஆரம்பிக்கிறது. பின்னொரு கடிதத்தில், கோனோன் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, நான் அனுப்பிய கணக்குகளில் ஒன்றைக்கூட இன்னும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்று எழுதுகிறார். நெம்புகோலால் பூமியையே நகர்த்துவேன் என்று சொன்னவராக நாம் அறிந்த மனிதர், தன் கேள்விகளைத் தூக்கிப் பார்க்க ஓர் ஆள் கிடைக்காமல் வருந்துகிறார்.

அந்தக் கடிதத்திலேயே இன்னொரு செய்தி. நிரூபணம் இல்லாமல் அவர் அனுப்பியிருந்த தேற்றங்களில் இரண்டு தவறானவை. தெரிந்தே சேர்த்தவை. எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு நிரூபணம் மட்டும் காட்டாதவர்கள், இருக்க முடியாததைக் கண்டுபிடித்ததாக ஒத்துக்கொண்டு மாட்டட்டும் என்பது காரணம். நிரூபணத்தின் மேல் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு.

ஒரு கடிதம் மட்டும் உள்ளூர் ஆளுக்கு: ஹியரோவின் மகன் கெலோனுக்கு. மணலை எண்ணும் கடிதம். தன் தந்தை பீடியஸ் என்ற வானியலாளர் என்பதை அவர் சொல்லியிருப்பது அதில்தான், போகிற போக்கில். சூரியன் சந்திரனைவிட எத்தனை மடங்கு பெரியது என்று மற்றவர்கள் சொன்ன கணக்குகளை அடுக்கும்போது அப்பாவின் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறார். அந்த வரியை முதலில் படித்தபோது நான் புத்தகத்தைக் கொஞ்சநேரம் மூடி வைத்துவிட்டேன். தன்னைப் பற்றி அவர் தந்திருக்கும் தகவல்கள் மிகச் சில; அவற்றில் ஒன்று அப்பாவின் கணக்கு.

பிரபஞ்சம் முழுக்க மணலால் நிரப்பினாலும் அந்த மணலுக்கு எண் சொல்ல முடியும் என்பது கடிதத்தின் பொருள். எண்ணும் வேலை கசகசாவில் தொடங்குகிறது. ஒரு கசகசா விதைக்குள் அடங்கும் மணல் பத்தாயிரத்துக்கு மேல் போகாது என்று வைத்துக்கொள்கிறார். விதை எத்தனை பெரியது? வழவழப்பான கோல் ஒன்றின் மேல் விதைகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கிறார். இருபத்தைந்து விதைகளே ஒரு விரற்கடையைத் தாண்டிவிட்டன. இருந்தாலும் யாரும் குறை சொல்லக்கூடாது என்று, ஒரு விரற்கடைக்கு நாற்பது விதை என விதையை இன்னும் சிறிதாகவே கணக்கில் எடுக்கிறார். இன்னொரு பக்கம் சூரியன். உதயத்தில், கண் கூசாத நேரத்தில், தொடுவானத்தை நோக்கி நீட்டிய நீண்ட கோலின் மேல் கடைந்தெடுத்த சிறு உருளையை நகர்த்தி, அது சூரியனை எந்தத் தூரத்தில் முழுக்க மறைக்கிறது, எந்தத் தூரத்தில் ஓரம் தெரிகிறது என்று குறித்துக்கொள்கிறார். கண் ஒரு புள்ளி இல்லையே, கருவிழிக்கும் அகலம் உண்டே என்று அதையும் தனியாக அளந்து கழிக்கிறார். கிடைத்த விடை: சூரியன் நம் கண்ணில் அடைக்கும் கோணம், ஒரு செங்கோணத்தில் 200-இல் ஒரு பங்குக்கும் 164-இல் ஒரு பங்குக்கும் இடையில். இன்றைய அளவான சுமார் அரை டிகிரி அந்த இரண்டு எல்லைக்குள் அழகாக உட்கார்ந்திருக்கிறது.

கிரேக்கர்கள் எண்களை எழுத்துகளால் குறித்த காலம் அது. பூஜ்யம் கிடையாது. பெயருள்ள பெரிய எண் பத்தாயிரம். அதைத் தன்னாலேயே பெருக்கிக் கிடைத்த பத்துக் கோடியை ஓர் அலகாக்கி, அதன்மேல் அடுக்கு அடுக்காகக் கட்டிப் போகிறார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன அரிஸ்டார்க்கஸின் பெரிய பிரபஞ்சத்தையே வேண்டுமென்று எடுத்துக்கொள்கிறார். சிறிய பிரபஞ்சத்தில் ஜெயித்தால் போதாதென்று. விடை இன்றைய முறையில் 1-க்குப் பின் 63 பூஜ்யங்கள். அரிஸ்டார்க்கஸின் அந்தக் கருத்தை நமக்குச் சொல்லும் மிகப் பழைய சாட்சியாகவும் அந்தக் கடிதமே நின்றுவிட்டது. எண்ண முடியாது என்று கைவிட்டதை எண்ணிக் காட்டுவதற்காக எழுதிய கடிதம், இன்னொருவரின் கருத்தையும் அழியாமல் காப்பாற்றித் தந்தது.

இரண்டு எல்லைக்குள் உண்மையைப் பிடிக்கும் அந்தப் பழக்கம் வட்டத்திலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் 22/7 என்று எழுதிப் பழகிய பிள்ளைகள் அதுவே பை என்று நம்பிவிடுகிறார்கள். ஆர்க்கிமிடீஸ் சொன்னது வேறு: வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 22/7-ஐவிடக் குறைவு, 223/71-ஐவிட அதிகம். வட்டத்துக்குள்ளே ஓர் அறுகோணம், வெளியே ஓர் அறுகோணம். பக்கங்களை இரட்டிப்பாக்கிப் பன்னிரண்டு, இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு. ஒவ்வொரு படியிலும் வர்க்கமூலம். ஒவ்வொரு வர்க்கமூலத்திலும், உள்ளே இருப்பதற்குக் குறைவாகவும் வெளியே இருப்பதற்கு அதிகமாகவும் வருமாறு கவனமாகத் திருத்திய பின்னம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு முறை பன்னிரண்டு பக்கத்திலிருந்து இருபத்துநான்குக்கு, கால்குலேட்டர் தொடாமல் பின்னங்களாகவே போய்ப் பார்த்தோம். மணியடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. "சார், இன்னும் ரெண்டு தடவை இதையே செஞ்சாரா?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதை எந்தச் சிலைக்கும் குறைந்ததில்லை.

அந்த வட்டங்களோடுதான் அவருடைய சாவும் பேசப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டை அமைதியில் வைத்திருந்த ஹியரோ, தொண்ணூறு வயதைத் தாண்டி, கி.மு. 215-இல் இறந்தார். கெலோன் அதற்கு முன்பே போய்விட்டார். பேரன் ஹியரோனிமஸ் பதினைந்து வயதில் அரியணை ஏறி, ரோமின் பகைவரான கார்த்தேஜோடு கைகோத்து, அடுத்த ஆண்டே கொலையுண்டார். ரோமானியத் தளபதி மார்செல்லஸ் கடல் வழியாக அறுபது போர்க்கப்பல்களோடு வந்தார்; தரை வழியாக இன்னொரு படை. ஜோடி ஜோடியாகக் கப்பல்களைப் பிணைத்து அவற்றின்மேல் ஏணிகளை நிறுத்தியிருந்தார்கள். சுவரிலிருந்து இறங்கிய ஆர்க்கிமிடீஸின் இரும்புக் கை கப்பலின் முன்பகுதியைப் பற்றித் தூக்கியது. பின் சட்டென்று விட்டது. தூரத்தில் இருந்தால் பெரிய கல்லெறி பொறி, கிட்டே வந்தால் சிறியது, சுவருக்கடியில் வந்தால் ஓர் உள்ளங்கை அகலத் துளைகளிலிருந்து அம்பு. எந்தத் தூரத்தில் நின்றாலும் அதற்கென்று ஒரு பொறி காத்திருந்தது. கடைசியில் சுவருக்கு மேல் ஒரு கயிறோ கட்டையோ தெரிந்தாலே வீரர்கள் ஓடினார்கள் என்கிறார் புளூடார்க். கண்ணாடிகளால் கப்பல்களைக் கொளுத்தினார் என்ற கதை அவரிடமும் இல்லை, இந்தப் போரை விரிவாக எழுதிய பொலிபியஸிடமும் லிவியிடமும் இல்லை. அது பல நூற்றாண்டுகள் கழித்து வளர்ந்தது.

ரோமானியர்கள் நேரடித் தாக்குதலைக் கைவிட்டு முற்றுகையிட்டுக் காத்திருந்தார்கள். ஆர்ட்டெமிஸ் திருவிழா நாளில், காவல் தளர்ந்த இரவில், உயரம் குறைந்த ஒரு சுவரில் ஏணி வைத்து ஏறினார்கள். எஞ்சிய பகுதி துரோகத்தால் விழுந்தது. கி.மு. 212. ஆர்க்கிமிடீஸுக்கு அப்போது எழுபத்தைந்து வயது இருக்கும். புளூடார்க் மூன்று விதமாகச் சொல்கிறார். வரைபடத்தில் ஆழ்ந்திருந்தார், கணக்கை முடிக்காமல் வரமாட்டேன் என்றதால் வீரன் வெட்டினான் என்பது ஒன்று. வெட்டவே வந்தவனிடம் கொஞ்சம் பொறு என்று கேட்டார் என்பது இன்னொன்று. சூரியக் கடிகாரங்கள், கோளங்கள் என்று தன் கருவிகளைப் பெட்டியில் வைத்து மார்செல்லஸிடம் எடுத்துப் போனபோது, பெட்டிக்குள் தங்கம் என்று நினைத்துக் கொன்றார்கள் என்பது மூன்றாவது. மார்செல்லஸ் வருந்தினார், உறவினரைத் தேடி மரியாதை செய்தார். கொள்ளையில் அவர் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருள் என்று சொல்வார்கள்: ஆர்க்கிமிடீஸ் செய்த ஒரு கோளக் கருவி. சூரியன், சந்திரன், ஐந்து கோள்கள் ஆகியவற்றின் நகர்வை ஒரே சுழற்சியில் காட்டும் பொறி. அதைப் பற்றி எழுதி நமக்குச் சொன்னவரும் சிசரோதான். கல்லறையைத் தேடிப் போன அதே மனிதர்.

புளூடார்க் ஒரு விஷயத்தில் ஆர்க்கிமிடீஸுக்கு நியாயம் செய்யவில்லை என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம். பொறிகளை அவர் மட்டமான கைத்தொழில் என்று கருதினார், தூய வடிவியல்தான் அவருக்கு உயர்வு என்று எழுதிவிட்டார். அந்தச் சித்திரம் நிலைத்துவிட்டது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் இன்னொரு குறையைச் சேர்த்தார்: ஆர்க்கிமிடீஸ் முடிவுகளை மட்டும் காட்டி, அவற்றைத் தேடிப் போன தடத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டார் என்று. அவருடைய நிரூபணங்களைப் படிப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. விடையை முன்னாலேயே தெரிந்துகொண்டு வருவார். அது அதைவிடப் பெரிதாகவும் இருக்க முடியாது, சிறிதாகவும் இருக்க முடியாது என்று இரண்டு பக்கமும் கதவடைப்பார். எங்கிருந்து வந்தது அந்த விடை என்பது மட்டும் தெரியாது.

வாலிஸ் அப்படி எழுதியபோது, பதில் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்துக்கு அடியில் கிடந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸின் நூல்களைத் தோல் தாளில் ஒருவர் படியெடுத்திருந்தார். 1229-இல் தோல் தாள் தேவைப்பட்ட ஒரு மதகுரு அந்த ஏடுகளைப் பிரித்து, எழுத்தைச் சுரண்டிக் கழுவி, தாள்களைத் திருப்பி மடித்து, மேலே பிரார்த்தனைகளை எழுதினார். அந்தப் புத்தகம் கிறித்தவ மடங்களில் பல நூற்றாண்டுகள் கைமாறியது. 1906-இல் டென்மார்க்கின் ஹெய்பர்க் என்ற அறிஞர் கான்ஸ்டான்டினோபிளில் அதைக் கையில் எடுத்து, பூதக்கண்ணாடியால் கீழெழுத்தைப் படித்து, உலகம் தொலைத்துவிட்டதாக நினைத்த ஒரு நூலைக் கண்டார். எரட்டோஸ்தனிஸுக்கு எழுதிய கடிதம். அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர், பூமியின் சுற்றளவை அளந்த அதே எரட்டோஸ்தனிஸ். புத்தகம் பிறகு மீண்டும் காணாமல் போனது. பூஞ்சை பிடித்து, சில பக்கங்களில் யாரோ போலிச் சித்திரங்களைத் தீட்டிய நிலையில், 1998-இல் நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் அதை பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஆய்வுக்கு ஒப்படைத்தார். வெவ்வேறு நிற ஒளிகளில் படம் எடுத்தும், சித்திரங்களுக்கு அடியில் இருந்த மையின் இரும்பை ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ்கதிரால் ஒளிரச் செய்தும் எழுத்தை மீட்டார்கள். படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தில் எங்கள் வாத்தியாரின் மரப்பந்து இருக்கிறது. ஒரு கோளம். அதன் விட்டத்தையே உயரமாகவும் அடியின் ஆரமாகவும் கொண்ட ஒரு பெரிய கூம்பு. அதே உயரமும் ஆரமும் கொண்ட ஓர் உருளை. மூன்றையும் ஒரே அச்சில் நிறுத்தி, வெள்ளரிக்காயைப் போல் மெல்லிய வில்லைகளாக வெட்டுகிறார். பிறகு மனத்துக்குள் ஒரு நெம்புகோல். உருளையின் வில்லை தன் இடத்திலேயே இருக்கட்டும். கோளத்தின் வில்லையையும் கூம்பின் வில்லையையும் எடுத்து, ஆதாரப் புள்ளிக்கு மறுபக்கம், கோளத்தின் விட்டம் அளவு தொலைவில் தொங்கவிட்டால் கோல் சமமாக நிற்கிறது. எங்கே வெட்டினாலும் நிற்கிறது. ஆகவே முழுக் கோளமும் முழுக் கூம்பும் அந்த முனையில் தொங்க, உருளை இந்தப் பக்கம் சமன் செய்கிறது. உருளையின் ஈர்ப்பு மையம் பாதித் தொலைவில்தான் இருக்கிறது; எனவே அதன் எடை மற்ற இரண்டின் கூடுதலைப் போல் இரு மடங்கு. அதாவது கோளமும் கூம்பும் சேர்ந்து உருளையில் பாதி. கூம்பு மட்டும் உருளையில் மூன்றில் ஒரு பங்கு. கழித்தால் கோளம் ஆறில் ஒரு பங்கு. கோளத்தை நெருக்கமாக மூடும் சிறிய உருளை இந்தப் பெரிய உருளையில் கால் பங்குதான். அதோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு. கல்லறைக்குப் போன விகிதம் தராசிலிருந்து பிறந்திருக்கிறது.

பொறியை மட்டமாக நினைத்தவர் செய்கிற வேலையா இது? அவர் நெம்புகோலால் கப்பலைத் தூக்கினார், அதே நெம்புகோலால் சிந்தித்தார். நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தைக் கட்டுவதற்கு ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன், எண்ணிலடங்கா வில்லைகளைக் கூட்டும் எண்ணம் ஒரு தீவிலிருந்து கடிதமாகக் கிளம்பிவிட்டது.

அந்தக் கடிதத்தில் என்னை அதிகம் பாதிப்பது கணக்குக்கு முன்னால் வரும் பகுதி. இந்த வழி நிரூபணம் ஆகாது என்று அவரே எச்சரிக்கிறார். ஆனால் விடை இன்னது என்று ஓரளவு தெரிந்தபின் நிரூபணத்தைத் தேடுவது, ஒன்றுமே தெரியாமல் தேடுவதைவிட எளிது என்கிறார். கூம்பின் கணக்குக்கு நிரூபணம் தந்தவர் யூடாக்ஸஸ். ஆனாலும் நிரூபிக்காமல் முதலில் அதைச் சொன்ன டெமாக்ரிட்டஸுக்கும் அந்தப் பெருமையில் கணிசமான பங்கு உண்டு என்கிறார். நிரூபணம் காட்டாதவர்களைப் பொறிவைத்துப் பிடித்தவர், முதலில் பார்த்த கண்ணுக்கும் மரியாதை தருகிறார். கடைசியாக, ஏன் இதை வெளியே சொல்கிறேன் என்கிறார்: இப்போது இருப்பவர்களும் இனி வரப்போகிறவர்களும் இந்த வழியைக் கைக்கொண்டு, தனக்குத் தோன்றாத வேறு தேற்றங்களைக் கண்டடைவார்கள் என்ற நம்பிக்கையில்.

அவர் எதையும் மறைக்கவில்லை. சொன்னார். நமக்குத்தான் வந்து சேரவில்லை.

பல ஆண்டுகள் கணக்குச் சொல்லித்தந்த எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்கவில்லை. வகுப்பறையில் நாம் பெரும்பாலும் முடிந்த கணக்கைக் கொடுக்கிறோம். தீர்வின் ஐந்து வரிகளைக் கரும்பலகையில் ஒழுங்காக எழுதுகிறோம். அந்த ஐந்து வரிக்கு முன்னால் கிழித்துப் போட்ட தாள்களைக் காட்டுவதில்லை. பிள்ளை அதைப் பார்த்து, இது யாருக்கோ வானத்திலிருந்து விழுந்தது, எனக்கு விழாது என்று முடிவு கட்டிவிடுகிறது. உலகம் கண்ட மிகக் கூர்மையான கணித மூளை, தனக்கு எப்படித் தோன்றியது என்பதைத் தராசோடும் வில்லைகளோடும் விளக்கி, இது நிரூபணம் இல்லை என்ற ஒப்புதலோடு தன் சகாவுக்கு எழுதியிருக்கிறது. அந்தத் துணிவும் தாராளமும் அவருடைய எந்தப் பொறிக்கும் இளைத்ததல்ல.

இன்று கணக்கும் அறிவியலும் நடத்தும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குளியல் தொட்டிக் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் சிரிக்கட்டும். அதே பாடவேளையில் எரட்டோஸ்தனிஸுக்குப் போன கடிதத்தையும் சொல்லுங்கள். விடை சரியாக வந்த பிள்ளையிடமும் "உனக்கு இது எப்படித் தோணுச்சு?" என்று கேட்டு, பதிலை முழுக்கக் காதுகொடுத்துக் கேளுங்கள். தனக்குத் தோன்றாததைக் காணப்போகிறவர்கள் என்று ஆர்க்கிமிடீஸ் நம்பி எழுதியது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.